கறுக்கக் கறுக்க

"அக்கா, கறுப்புல நல்ல பட்டுப் புடவை இருந்தா எடுத்துப் போடுங்க."

நான் கேட்டது இவ்வளவுதான். கல்யாண ஜவுளிக்குப் போகும் கடையில் அந்த நிறத்தை வாயில் எடுக்கவே கூடாது என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அம்மா சொல்லி வைத்திருக்கிறாள். அன்றைக்கும் புந்தோங் வீட்டில் கார் ஏறியதிலிருந்து லிட்டில் இந்தியா கடைத்தெருவில் இறங்கும்வரை அதையேதான் சொன்னாள். நானும் சரிம்மா, சரிம்மா என்று ஓட்டிக்கொண்டு வந்தேன். கடையில் உட்கார்ந்து, அவர்கள் கொடுத்த சிராப் தண்ணீரைக் குடித்து முடித்ததும் கேட்டேன். வெயிலில் வந்த களைப்பில் உளறிவிட்டாள் என்று அம்மா பிறகு எல்லோரிடமும் சொன்னாள். எனக்குக் களைப்பு எதுவும் இல்லை. எனக்குக் கறுப்பு பிடிக்கும்.

முதலிலிருந்து எழுதித் தரச் சொன்னீர்கள். எல்லாம் அந்தக் கடையில் தொடங்கியதால் அங்கிருந்து எழுதுகிறேன். நீங்களும் தமிழ்ப் பெண். சில விஷயங்களை நான் விளக்க வேண்டியதில்லை.

என் பெயர் ஷாமினி. வேதியியல் பட்டதாரி. எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். கையுறை செய்யும் தொழிற்சாலை ஒன்றின் சோதனைக்கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல்யாணம் என் அண்ணன் ரூபனுக்கு. பெண்ணின் பெயர் சாந்தினி. பாகான் செராய்க்காரி, பாலர்பள்ளி ஆசிரியை. நல்ல சிவப்பு. பெண் பார்த்துவிட்டு வந்த அன்று அம்மா ஊரெல்லாம் ஃபோன் போட்டாள். பெண்ணின் குணம், படிப்பு எதையும் சொல்லவில்லை. "வெத்தலை போட்டா தொண்டையில எறங்கறது தெரியும் போலலா, அப்படி ஒரு கலரு" என்று மட்டும் சொன்னாள்.

அன்று கடையில் அம்மா, அம்மாவின் தங்கை பாப்பா சின்னம்மா, சின்னம்மாவின் மகள் கவிஷா, சாந்தினி, நான் எல்லோரும் இருந்தோம். கடைக்கார ஷம்சாத் அக்கா நான் கேட்டதும் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தார். அவரே தலை முக்காட்டிலிருந்து கால்வரை கறுப்புதான் உடுத்தியிருந்தார். ஓரத்தில் மெல்லிய கறுப்பு மணிவேலை. அந்தக் கடையில் இருந்த அத்தனை பட்டையும்விட அது எனக்குக் கம்பீரமாகத் தெரிந்தது.

"நீங்களே கறுப்புதானே போட்டிருக்கீங்கக்கா" என்றேன்.

"எங்களுக்கு அது மரியாத தங்கச்சி. ஒங்க கல்யாணத்துக்கு ஆகாதேலா. மயில் கழுத்து கலர் காட்டவா, கிட்டத்தட்ட கறுப்பு மாரியேதான் இருக்கும்."

பாப்பா சின்னம்மாவுக்கு நல்ல வாய். சிரிக்க வைக்கத் தெரிந்தவள். "அவளே கறுப்பு, அதுக்கு மேல கறுப்பு வேறயா? வீடியோவுல பல்லு மட்டும்தான்டி தனியா நடந்து வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். புடவை மடித்துக்கொண்டிருந்த இந்தோனேசியப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. அவளும் சிரித்தாள்.

சாந்தினி மட்டும் சிரிக்கவில்லை. "கறுப்பு அக்காவுக்கு நல்லா எடுக்கும் அத்தை" என்றாள். சாந்தினி நல்ல பெண். இதை இந்த வாக்குமூலத்தில் திரும்பவும் சொல்ல வேண்டிவரும். இப்போதே எழுதி வைக்கிறேன்.

உறவுமுறையில் அவள் எனக்கு அண்ணி. வயதில் சின்னவள் என்பதால் என்னை அக்கா என்று கூப்பிடுவாள். இரண்டு பேரும் மரியாதை கொடுத்துக்கொண்டோம்.

நாத்தனார் முடிச்சு பற்றி உங்களுக்குத் தெரியும். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவார். மற்ற இரண்டையும் பெண்ணுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் தங்கச்சி போட வேண்டும். அண்ணனுக்கு நான் ஒரே தங்கச்சி. அந்த இரண்டு முடிச்சும் என்னுடையவை. வீட்டில் வேறு எதையும் நான் கேட்டதில்லை. படிப்புக் கடனை நானே கட்டிக்கொள்கிறேன். நகை கேட்கவில்லை, மாப்பிள்ளை பார்க்கச் சொல்லவில்லை. மேடையில் எல்லோரும் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் பின்னால் நின்று இரண்டு முடிச்சுப் போட வேண்டும் என்பது மட்டும் எனக்கு இருந்தது.

கடையை விட்டுக் கிளம்பும் முன்பே அது போய்விட்டது.

"கறுப்பு கேட்ட வாயி. சகுனம் சரியில்லக்கா" என்றாள் சின்னம்மா. "முடிச்ச எங்க கவிஷா போடட்டும். அவளும் தங்கச்சி மொறதானே."

அம்மா மடியிலிருந்த புடவையை மடித்து வைத்தாள். பிறகு, "அதுவும் சரிதான்லா" என்றாள். கவிஷா ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிஷா சிவப்பு.

சகுனம் ஒரு சாக்கு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். பெண்ணுக்குப் பின்னால் நிற்பவள் பெண்ணோடு சேர்ந்து எல்லாப் படத்திலும் விழுவாள். சாந்தினி முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்த அன்றும் இதுதான் நடந்தது. படம் எடுக்கும்போது சின்னம்மா என்னைத் தோளைப் பிடித்து அவள் பக்கத்தில் நிறுத்தினாள். "ஷாமினி, நீ இங்க நில்லு. திருஷ்டிப் பொட்டு மாரி இருக்கும். புள்ளைக்கு கண்ணு படாது." அன்றைக்கும் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். நான்கூடச் சிரித்தேன். அந்தப் படம் இன்னும் அம்மாவின் ஃபோன் முகப்பில் இருக்கிறது. என் பாதி முகத்தின் மேல் நேரம் காட்டும் எண்கள் ஓடுகின்றன.

எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டீர்கள். கோபம் வருவதும் போவதுமாக இருந்தால்தான் வந்தது என்று சொல்ல முடியும். எனக்கு அது வீட்டில் கூடவே வளர்ந்த ஒன்று. "கறுப்பா இருந்தாலும் களையான பொண்ணு" என்பார்கள். பரீட்சையில் நிறைய ஏ வாங்கியபோது "கறுப்பா இருந்தாலும் மூளைக்காரி" ஆனேன். பட்டம் வாங்கினால் இந்த 'இருந்தாலும்' ஒழிந்துவிடும் என்று நினைத்துத்தான் படித்தேன். பட்டமளிப்பு மேடையில் கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு நின்றேன். அங்கே அத்தனை பேரும் அந்தக் கறுப்புக்காகத்தான் ஏங்கி வந்திருந்தார்கள். அம்மா அந்தப் படத்தை உறவுக்காரர்களுக்கு அனுப்பினாள். அனுப்புவதற்கு முன்னால் முகத்தை வெளுப்பாக்கினாள். அங்கியும் சேர்ந்து சாம்பல் நிறமாகிவிட்டது.

நான் அப்பாவைக் கொண்டு பிறந்தவள். அப்பா காலமாகிவிட்டார். கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருக்கும் அவர் படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து வெளுக்க வைத்துத்தான் அம்மா மாட்டியிருக்கிறாள். அந்தப் படத்தில் இருப்பவர் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணத்துக்கு முந்திய வாரம் கறுப்பர் கோயிலுக்குப் பூசைக்குப் போனோம். சுங்கை சிப்புட் தாண்டி, எங்கள் அப்பாவின் அப்பா பால் வெட்டிய ரப்பர் தோட்டம். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, தொழிலாளர் குடியிருந்த லயங்களை இடித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டாகிவிட்டது. கறுப்பர் மட்டும் செம்பனைக்கு நடுவே தகரக் கூரையின் கீழ் நிற்கிறார். எண்ணெய் ஊற்றி ஊற்றி அந்தக் கல் ஒரு மாதிரிப் பளபளக்கும். கிட்டே போய் நின்றால் உங்கள் முகம் அதில் தெரியும். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கும்.

அம்மா சுருட்டும் சாராயமும் படைத்துவிட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வேண்டிக்கொண்டாள்.

"அப்பனே கறுப்பா, எம்மவன் வம்சமாச்சும் வெளுக்கணும். பேரப்புள்ளைங்க நல்ல செவப்பா பொறக்கணும். கெடா வெட்டறேன்."

நான் சிரித்துவிட்டேன்.

"சாமி முன்னால என்னடி சிரிப்பு?"

"நீ யார்கிட்ட என்ன கேக்கறன்னு தெரிஞ்சுதான் கேக்கறியாம்மா?"

"சாமி கறுப்பா இருக்கலாம். மனுசி இருந்தா யாரு கட்டுவா?" என்றாள் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வதுபோலச் சொன்னாள். அண்ணன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சாந்தினி என் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினாள். அவள் கை என் கைமேல் இருந்ததை நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லோரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். இரண்டு நிறமும் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

இனி மருதாணிக்கு வருகிறேன். நீங்கள் அதைத்தான் கேட்டீர்கள்.

பள்ளிக்கூட நாளிலிருந்தே நான் மருதாணி போடுவேன். தீபாவளிச் சந்தையில் ஷம்சாத் அக்கா கடை வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மலாய்க்காரப் பெண்களும் இனாய் என்று கேட்டு வந்து மருதாணி போட்டுக்கொண்டு போவார்கள். கை நடுங்காது எனக்கு. முடிச்சு கவிஷாவுக்குப் போன பிறகு, மருதாணியை மட்டும் அம்மா எனக்கு விட்டுக்கொடுத்தாள். மருதாணி போடுபவள் படத்தில் விழ மாட்டாள். கை மட்டும்தான் விழும், அதுவும் பெண்ணின் கை.

"நல்லா கறுக்கணும், சொல்லிட்டேன்" என்றாள் அம்மா. "கவிஷா நிச்சயத்துக்கு நீ போட்டது கேரட் கலர்ல இருந்துச்சு. அசிங்கமாப் போச்சு. மருதாணி கறுக்கக் கறுக்கத்தான் மாமியாளுக்கு மருமவமேல ஆச அதிகம்னு அர்த்தம். அவங்க வீட்டுல எல்லாரும் என் ஆசைய பாக்கணும்."

ஆசை அதிகமாக இருந்தால் கறுக்கும் என்று எங்கள் வீட்டில் நம்புகிறார்கள். கறுப்பை ஆசைக்கு அடையாளமாக வைத்திருக்கிறார்கள். என் வாழ்நாளில் அம்மா என்னிடம் கறுப்பு வேண்டும் என்று கேட்டது அந்த ஒருமுறைதான். நான் கொடுத்தேன்.

எப்படி என்று சொல்கிறேன். மருதாணி இலை தானாக அவ்வளவு கறுக்காது. அது சிவக்கும், அதிகம் போனால் காப்பி நிறத்துக்கு வரும். நிஜமாகக் கறுக்க வேண்டும் என்றால் தலைக்கு அடிக்கும் கறுப்புச் சாயத்தைக் கலப்பார்கள். சந்தையில் சில பேர் கலக்கிறார்கள். கூடாது என்று எனக்குத் தெரியும். சாயத்துக்கு நான் கடைக்குக்கூடப் போகவில்லை. அம்மாவின் குளியலறை அலமாரி நிறைய அந்தத் தூள் பொட்டலம்தான் இருக்கிறது. அம்மாவுக்கு முடி கறுப்பாக இருக்க வேண்டும்.

அந்தச் சாயம் நிறையப் பேருக்கு ஒன்றும் செய்யாது. சில பேர் உடம்புக்கு ஆகாது. எங்கள் சோதனைக்கூடத்தில் இந்த மாதிரி விஷயத்தைத்தான் பார்க்கிறோம். ஒரு பொருள் ஒருமுறை ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டால் தோல் அதை மறக்காது. அடுத்த முறை இன்னும் மோசமாகத் திருப்பி அடிக்கும்.

சாந்தினிக்கு அது ஆகாது. இதுவும் எனக்குத் தெரியும்.

அவள்தான் சொன்னாள். நிச்சயம் முடிந்த புதிதில் நாங்கள் இரண்டு பேரும் மட்டும் டீ குடிக்கப் போயிருந்தோம். கல்லூரியில் படிக்கும்போது தோழிகளோடு சேர்ந்து தலைக்குக் கறுப்புச் சாயம் அடித்தாளாம். "மறுநாள் மூஞ்சி பெலூன் மாரி ஊதிருச்சுக்கா. கண்ணே தெரியல. மூச்சு முட்டி கிளினிக்குக்குத் தூக்கிட்டு ஓடுனாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "அத்தைகிட்ட சொல்லிடாதீங்க. கல்யாணத்துக்கு முன்னாலயே சீக்குக்காரின்னு நெனச்சுக்குவாங்க." நான் யாரிடமும் சொல்லவில்லை. அவள் கேட்டுக்கொண்டதைக் காப்பாற்றினேன்.

அவளைக் கொல்ல நினைத்தேனா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அப்படி நினைத்திருந்தால் நானும் அவளும் பேசிக்கொண்டே மருதாணி போட்டிருக்க முடியாது. கொஞ்ச நாள் கறுப்பைச் சுமந்து பார்க்கட்டும் என்று நினைத்தேன். அவளுக்காகக்கூட இல்லை. அவர்களுக்காக. அவர்கள் தூக்கிவைத்துக் கொண்டாடிய தோல் ஒரு பொட்டலம் தூளுக்குத் தாங்காது என்று அவர்கள் பார்க்க வேண்டும். அதை அவர்களுக்குக் காட்ட வேறு ஒரு தோல் என்னிடம் இல்லை. இது எனக்கு நியாயமாகவே பட்டது. இப்போதும் கணக்குச் சரியாகத்தான் வருகிறது.

நலங்குக்கு முந்திய நாள் மத்தியானம் பாகான் செராய்க்குப் போனோம். சாந்தினி வீட்டுக்குப் பின்னால் நெல்வயல். நல்ல காற்று. பின்வாசலில் சாந்தினி நாற்காலியில் உட்கார்ந்து வலது கையை என் மடியில் வைத்தாள். கிராம்பு எண்ணெய் நிறைய விட்டிருந்தேன், அதனால் வேறு வாடை தெரியவில்லை.

"என்னக்கா, போடும்போதே இவ்ளோ கறுப்பா இருக்கு?"

"கறுக்கணும்னு ஒங்க மாமியா ஆசப்பட்டாங்க அண்ணி. நீங்க என்ன சொல்றீங்க? கறுக்கணுமா, வேணாமா?"

"கறுக்கட்டும்க்கா. அப்பறம் அத்தைக்கு எம்மேல ஆச இல்லன்னு எல்லாரும் சொல்லிடுவாங்க."

நான் கேட்டேன், அவள் வேண்டும் என்றாள். இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்.

வலது கை முழங்கைவரை வந்தது. தாமரை, கொடி, உள்ளங்கை நடுவே ஒரு மயில். நான் போட்டதிலேயே அழகான கை அதுதான். இடையில் கொஞ்சம் பேசினோம். பிறகு இடது கையையும் முடித்தேன். பாப்பா சின்னம்மா வந்து குனிந்து பார்த்து, "அடியாத்தி, நம்ம ஷாமினிக்கு கையில என்னமோ இருக்குடி" என்றாள். "அப்படியே கன்னத்துல ஒரு திருஷ்டிப் பொட்டும் வெச்சுரு. அவங்க சொந்தக்காரங்க கண்ணெல்லாம் கொள்ளிக் கண்ணு." வைத்தேன். சின்னப் பொட்டுதான்.

மறுநாள் விடிந்ததும் ஃபோன் வந்தது. நாங்கள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூக்கில் குழாய் வைத்திருந்தார்கள். முகம் முகமாக இல்லை. கண் இரண்டும் உப்பி மூடியிருந்தன. கைகளில் நான் போட்ட கோடுகளெல்லாம் கொப்புளமாக எழும்பியிருந்தன. ஒரு கோடு பிசகவில்லை. தாமரை தாமரையாகவே இருந்தது. கன்னத்தில் பொட்டு இருந்த இடம் உடைந்து நீர் வடிந்துகொண்டிருந்தது.

உயிருக்கு ஆபத்தில்லை என்று மறுநாள் டாக்டர் சொன்னார். புண் ஆறினாலும் தழும்பு கறுப்பாகவே நிற்கும், வருடக்கணக்கில் இருக்கலாம், போகாமலும் இருக்கலாம் என்றார். அதைக் கேட்டதும் அம்மா சின்னம்மாவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். நான் பின்னாலேயே போய் நின்றேன். என்னை அவர்கள் கவனிக்கவில்லை.

"செவத்த ஒடம்புலா. கறுப்பு தழும்பு பளிச்சுன்னு தெரியும். கன்னத்துல வேற" என்றாள் அம்மா.

"இப்ப தள்ளி வெக்கலாம்க்கா. அப்பறம் பாத்துக்கலாம். ஊர்ல பொண்ணா இல்ல?"

எனக்கு ஆச்சரியமாக இல்லை. நான் நினைத்தது நடந்துவிட்டது என்றுகூடச் சொல்லலாம். ஒரு பொட்டலம் தூளில் சாந்தினி எங்கள் பக்கம் வந்துவிட்டாள். ஆனால் அவர்கள் பார்க்க வேண்டியதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. பழையபடியேதான் பேசினார்கள். ஆள் மட்டும் மாறியிருந்தது.

டாக்டர் திரும்ப வந்து மருதாணியில் என்ன கலந்தது என்று கேட்டார். இளைஞர், சீனர். மலாயில் பொறுமையாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். "இவளுக்கு என்ன தெரியும் டாக்டர், காசியான். கடையில விக்கறத வாங்கி போட்டுட்டா. தெரியாம நடந்துபோச்சு."

காசியான். பாவம் என்று சொல்ல மலாயில் அந்தச் சொல். கேட்பவர் மலாய்க்கார டாக்டராக இருந்தாலும், சீனராக இருந்தாலும், நாய்க்குட்டி அடிபட்டாலும், நான் வேதியியல் பட்டதாரியாக எதிரில் நின்றாலும் அதே காசியான்.

"நான் கடையில வாங்கல" என்றேன்.

"சும்மா இருடி."

"டாக்டர், நானேதான் கலந்தேன். என்ன கலந்தேன்னு சொல்றேன், எழுதிக்குங்க." சொன்னேன். சாயத்தின் வேதிப்பெயரைச் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பெயர் வாயில் தடுக்காமல் வந்தது எனக்கே கேட்டது.

அண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "அவளுக்குத் தெரிஞ்சிருக்காது டாக்டர். நல்லா கறுக்கணும்னு எங்கம்மாதான் ஆசப்பட்டாங்க" என்றான். அண்ணன் எனக்காகப் பேசினான். அவன் எனக்காக வாயைத் திறந்து நான் கேட்டதேயில்லை. அன்றைக்கென்று பேசினான்.

பிறகு சாந்தினியும் பேசினாள். உதடு தடித்திருந்ததால் வார்த்தை நசுங்கி வந்தது. "அக்கா மேல தப்பில்ல. நான்தான் கறுக்கட்டும்னு சொன்னேன். அக்காவுக்குத் தெரியாது."

எல்லோரும் சேர்ந்து என்னை ஒன்றும் தெரியாதவள் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து வந்த குடும்பத்தில் முதல்முதலாகப் படித்து, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்து, இந்த நாட்டில் எத்தனையோ பேர் கையில் மாட்டும் உறை தோலுக்கு ஆகுமா ஆகாதா என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பவள் நான். என்னைத் திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். தெரியாது என்று மட்டும் சொல்லியிருக்கக் கூடாது.

"எனக்குத் தெரியும் அண்ணி" என்றேன். "ஒங்களுக்குத் தலைச்சாயம் ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. டீ குடிக்கப் போனப்ப."

அவள் மூடிய கண்ணோடு என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள். "மறந்திருப்பீங்க" என்றாள்.

"மறக்கல."

இப்போது நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்கிறேன். கேட்கத் தெரிந்திருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள். அன்று பின்வாசலில் வலது கை முடிந்து, அவள் கையை மாற்றி வைப்பதற்கு முன்னால், இடையில் கொஞ்சம் பேசினோம் என்று எழுதினேன் அல்லவா. பேசியது இதுதான்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "நேத்து அத்தைக்கு ஃபோன் பண்ணி சொல்லிட்டேன். முடிச்ச நீங்கதான் போடணும். நீங்க போடலன்னா எனக்கு தாலியே வேணாம்னு சொல்லிட்டேன். திட்டுனாங்க. அப்பறம் சரின்னுட்டாங்க. கறுப்புப் புடவை கட்டிக்கிட்டு வாங்கக்கா. யாரு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்."

சொல்லிவிட்டு இடது கையை என் மடியில் வைத்தாள். சுத்தமான கை.

பின்வாசலில் குழாய் இருந்தது. வலது கையை அப்போதே கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. அதுவும் எனக்குத் தெரியும். நான் மருதாணிக் கூம்பின் நுனியைத் துணியில் துடைத்துவிட்டு இடது கையைத் தொடங்கினேன். ஒரு கை மட்டும் கறுத்தால் பார்க்க நன்றாக இருக்காது.

இதை அப்படியே வார்டில் வைத்து அவளிடம் சொன்னேன். "நீங்க அத சொன்னப்ப வலது கைதான் முடிஞ்சிருந்துச்சு அண்ணி. எடது கையத் தொடவேயில்ல."

 அவள் கட்டுப் போட்ட இரண்டு கைகளையும் மெதுவாக என் பக்கத்திலிருந்து இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். அண்ணன் எழுந்தான். அம்மா, "அதிர்ச்சியில பெனாத்தறா, அவளுக்கு எங்க அவ்ளோ துணிச்சல்" என்றாள். அப்போதும் நம்பவில்லை. என் அம்மா என்னைப் பற்றி எதை நம்பினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் வர அந்த நிமிடத்தில் முடிவு செய்ததாக எழுதிக்கொள்ளாதீர்கள். அம்மா காசியான் என்றபோதே முடிவு செய்துவிட்டேன். கீழே நுழைவாயில் பக்கத்தில் உங்கள் போலீஸ் போண்டோக், இந்தச் சின்னச் சாவடி, இருப்பதை வரும்போதே பார்த்திருந்தேன். நானாக வந்து சொன்னால்தான், என்ன செய்தேன், எப்படிச் செய்தேன், தெரிந்தே செய்தேன் என்று ஒரு இடத்தில் ஒழுங்காகப் பதிவாகும் என்று நினைத்தேன். தண்டனைக்காக வரவில்லை. குற்றவுணர்ச்சி என்றும் நீங்களாக எழுத வேண்டாம். யாரும் என்னைப் பார்க்க வேண்டும் என்ற ஏக்கம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை.

பையை எடுத்துக்கொண்டு வார்டை விட்டு வெளியே நடந்தேன். பின்னால் காலடி கேட்கவில்லை, யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கதவு கண்ணாடிக் கதவு, அதில் உள்ளே இருப்பது தெரிந்தது. அம்மா, சின்னம்மா, அண்ணன் மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்று அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு தானாகச் சாத்திக்கொள்ளும்வரை நின்று பார்த்துவிட்டு வந்தேன்.